மகாலட்சுமிக்குக் களை வரவில்லை

ஜூன் 9, 2025, திங்கள்

மாமனாரின் காலண்டர் பிரஸ்ஸில் இன்று முதல் நாள். தோஹாவில் எரிவாயு ஆலைகளுக்கு புராஜெக்ட் கன்ட்ரோல் பார்த்த சிவபாண்டி நான், இப்போது சிவகாசியில் பசை வாளிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மாமா சோலைமலை கேட்டார்: “அங்கன நீங்க என்னதான் வேல பாத்தீக மாப்ளே?”

வேலை எங்கே நிற்கிறது, இன்றைக்கு எங்கே நிற்க வேண்டும், நடுவில் எது இழுக்கிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்ய வைப்பது என்றேன்.

“அப்ப சூப்பர்வைசர்.”

“இல்ல மாமா. சூப்பர்வைசர் ஆளுகளப் பாப்பாரு. நான் வந்து…”

“சம்பளம் கூட வாங்குவீக. புரியுது புரியுது.”

ஒன்றும் புரியவில்லை அவருக்கு.

ஜூன் 10

ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு, அடுத்த வருட ஆல்பத்தை வெளியிடுவது இந்த ஊர் வழக்கம். எல்லா மாதிரிப் படங்களையும் சேர்த்துக் கட்டிய புத்தகம்தான் ஆல்பம். ஏஜென்ட்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு போய்த்தான் ஆர்டர் பிடிப்பார்கள். இந்த வருடம் ஆகஸ்ட் 3. நம் ஆல்பம் வரவில்லையென்றால் அவர்கள் பக்கத்து பிரஸ் ஆல்பத்தோடு போய்விடுவார்கள். போன வருடம் மாமா ஆல்பம் விநாயகர் சதுர்த்திக்குத்தான் வந்ததாம். அதற்கு முந்தின வருடமும் அப்படித்தானாம். அடுத்த வருடத்து நாளையெல்லாம் அச்சடிக்கிறவர், இந்த வருடத்தில் ஒரு நாளையாவது காப்பாற்ற வேண்டாமா?

இதை இங்கே மட்டும் எழுதுகிறேன். தோஹா கம்பெனி மறுபடி கூப்பிட்டிருக்கிறது. ஜூலை முடிவதற்குள் பதில் வேண்டுமாம். மனைவி மீனாவிடம் “இனிமே இங்கதான்” என்று சொல்லிவிட்டு வந்தவன் நான். மகள் ஓவியா என்னைப் போனில் பார்த்தே வளர்ந்தவள். இப்போதும் தூக்கம் வந்தால் “டாட்டா” சொல்லிவிட்டு, கால் கட் பண்ணுகிற மாதிரி என் மூக்கை அமுக்குகிறாள். அதற்காக மாமனார் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட முடியுமா? ஆல்பம் நாளுக்கு வந்துவிடும் என்று ஜூலைக்குள் தெரிந்தால் எனக்கு இங்கே வேலை இருக்கிறது என்று அர்த்தம், இருப்பேன். வராவிட்டால் கிளம்ப வேண்டியதுதான்.

ஜூன் 12

எவ்வளவு முடிந்திருக்கிறது என்று எல்லோரிடமும் கேட்டேன்.

டிசைன்? “முடிஞ்ச மாதிரிதான்.” மெஷின்மேன் பால்பாண்டி? “முடிஞ்ச மாதிரிதான் சார்.” பைண்டிங் பார்க்கும் வள்ளித்தாய் அக்கா? “எனக்கு இன்னும் தாளே வரல தம்பி. வந்துட்டா முடிஞ்ச மாதிரிதான்.”

தலை சுத்துது.

ஜூன் 16

தோஹாவில் போடுகிற மாதிரியே, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒன்று விடாமல் சார்ட் போட்டுச் சுவரில் ஒட்டினேன். நேரத்துக்கு நடக்கும் வேலை பச்சை, இழுக்கும் வேலை சிவப்பு.

வள்ளித்தாய் அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். “எல்லாருக்கும் மங்களகரமா சிவப்படிச்சிட்டு எனக்கு மட்டும் பச்சையா?”

பால்பாண்டி கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “இந்தச் சிவப்பு கண்ண அடிக்குது சார். மஞ்சளக் கொஞ்சம் ஏத்தணும்” என்றார். சிவப்பே அவர் வேலைக்குத்தான் அடித்திருக்கிறேன்! அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஜூன் 19

எனக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று மாமா என் சார்ட்டை ஆர்ட் பேப்பரில் அடித்து, லேமினேஷன் போட்டு மாட்டியிருக்கிறார். மேலே பிள்ளையார், சுற்றி மாங்காய் பார்டர். கடைசி வரிதான் முக்கியம் போல என்று டிசைனர் நினைத்து, அதைத் தாமரைப்பூவுக்குள் பெரிய எழுத்தில் போட்டுவிட்டார்.

வாராவாரம் திருத்த வேண்டிய சார்ட் அய்யா அது! பேனா வழுக்குகிறது. சேலத்திலிருந்து வந்த ஏஜென்ட் புது மாடல் என்று நினைத்து விலை கேட்டார். மாமா விலையும் சொன்னார்.

ஜூன் 30

மாமா புதிதாக ஒரு நீர்வீழ்ச்சியும் நாய்க்குட்டியும் சேர்த்திருக்கிறார். “படந்தான மாப்ளே, ஒரு ஓரமா ஒக்காந்துக்கிரும்.” இப்படித்தான் வேலை வீங்கும். இனி ஒன்றைச் சேர்த்தால் ஒன்றை எடுக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

நெடுநேரம் யோசித்தார். என் சார்ட்டை எடுத்துவிடலாமா என்று கேட்டார்.

ஜூலை 14

வண்டி ஒரு வழியாக ஓடுகிறது. தினமும் காலையில் எல்லோரையும் நிற்க வைத்துப் பேசுகிறோம். நீர்வீழ்ச்சி, ரோஜாப்பூ, குழந்தை எல்லாம் அடித்தாயிற்று. சாமி படங்கள்தான் பாக்கி.

முதல் படம் மகாலட்சுமி. அவள் மெஷின் ஏறாமல் மற்ற சாமிகளை ஏற்ற மாட்டார் பால்பாண்டி. அவளோ அத்தை சம்மதிக்காமல் ஏற மாட்டாள். என் மாமியார் கருப்பம்மாள் முகத்தைப் பார்த்து “களை இருக்கு” என்று சொன்னால்தான் இந்த பிரஸ்ஸில் எந்தச் சாமியும் அச்சாகும்.

அத்தை இன்று சொன்னது: வலது கண் சின்னது.

ஜூலை 18

கண்ணைச் சரி செய்தோம். இப்போது சிரிப்பு சரியில்லையாம். பிடிக்காத விருந்தாளியைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருக்கிறதாம்.

ஜூலை 22

“ரெண்டு யானையும் தண்ணிய ஊத்தாம கத பேசிக்கிட்டு நிக்கிற மாதிரில்ல இருக்கு?”

ஜூலை 25

களை வரவில்லை.

ஜூலை 28

மூன்று நாளில் தோஹாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். மெஷின் சும்மா நிற்கிறது. இழுக்கிற வேலையைப் பழைய வேலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதானே நம் தொழில்? போன வருட ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். அதே மகாலட்சுமி! நாங்கள் திருத்துவதற்கு முன் இருந்த அதே கண், அதே சிரிப்பு, அதே யானை. சேலை நிறம் மட்டும்தான் வேறு.

இரண்டையும் தூக்கிக்கொண்டு போய் அத்தை முன்னால் வைத்தேன். “போன வருசம் இதே மூஞ்சிக்குத்தான சரின்னு சொன்னீக? இந்த வருசம் என்ன வந்துச்சு அத்தை?” கத்திவிட்டேன். மாமியாரிடம் கத்தியது இதுதான் முதல் தடவை.

அத்தை சுவரைக் கையால் காட்டினார். என் சார்ட். தாமரைப்பூவுக்குள் பெரிய எழுத்தில் கடைசி வரி: ‘சிவபாண்டி விடுவிப்பு – ஆகஸ்ட் 4’.

“இது முடிஞ்சா நீங்க கிளம்பிருவீகள்ல மாப்ளே? பிள்ள மறுபடி போனத் தடவிக்கிட்டுத் திரியவா? முடியாமலே கெடக்கட்டும்.”

அங்கே எல்லா சார்ட்டும் அப்படித்தான் முடியும், வேலை முடிந்ததும் ஆளைத் திருப்பி அனுப்புகிற வரியோடு. கை பழக்கத்தில் எழுதிவிட்டது. பழக்கம் மட்டும்தானா? சட்டைப் பையில் போன், போனில் தோஹா மெயில். வாசலில் மீனா நிற்கிறாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஆல்பம் நாளுக்கு வந்தால்தான் இருப்பேன் என்று மனதுக்குள் வைத்திருந்தது உட்பட.

மீனா பிடித்துக்கொண்டாள். “ஆல்பம் முடிஞ்சாத்தான் நீங்க இருப்பீக. அது முடிஞ்சா நீங்க போயிருவீகன்னு அம்மா நிப்பாட்டி வச்சிருக்கு. நல்லாருக்கு ஒங்க ரெண்டு பேர் கன்ட்ரோலும்! என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?”

கேக்கல. இத்தனை வருசமா எது எத்தன நாள் இழுக்குதுன்னு எல்லாரையும் கேட்டேன். வீட்டுல ஒருத்தரையும் ஒண்ணும் கேக்கல. வெக்கமா இருக்கு.

ஜூலை 29

கேட்டேன். “இரிங்க” என்றாள் மீனா.

வரவில்லை என்று தோஹாவுக்கு மெயில் போட்டேன். பிறகு சார்ட்டைச் சுவரிலிருந்து இறக்கி, கட்டிங் மெஷினுக்குக் கொண்டுபோனேன்.

“எம்புட்டு சார் வெட்டணும்?” என்றார் பால்பாண்டி.

“கடைசி வரி மட்டும்.”

ஒரே வெட்டு. தாமரையோடு போயிற்று. பக்கத்தில் நின்ற அத்தை மகாலட்சுமியைக் கையில் வாங்கினார். “ஆங், இப்பத்தான் மூஞ்சில களையே வந்திருக்கு.”

நேற்றிலிருந்து ஒரு புள்ளிகூட மாற்றவில்லை நாங்கள்.

ஆகஸ்ட் 2

நாலு நாளாக எல்லாச் சாமியும் வரிசையாக மெஷின் ஏறி இறங்குகிறது. மழை வந்து தாள் கொஞ்சம் ஊறி, பால்பாண்டி எல்லோரையும் வைதார். அத்தை, மீனா எல்லோரும் வள்ளித்தாய் அக்காவோடு பசை தடவ உட்கார்ந்துவிட்டார்கள். என் தலைமுடியிலும் பசை.

“எம்புட்டு முடிஞ்சிருக்கு மாப்ளே?” என்றார் மாமா.

“முடிஞ்ச மாதிரிதான் மாமா.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

வந்துவிட்டது! பசை காயாத ஆல்பத்துக்கு மஞ்சள், குங்குமம் வைத்தார் மாமா. புரட்டிக்கொண்டே போனால் கடைசிப் பக்கத்தில் என் சார்ட்! என்னைக் கேட்காமல் அதையும் அடித்துச் சேர்த்திருக்கிறார். சேலம் ஏஜென்ட் கொடுத்த முதல் ஆர்டரே அதற்குத்தான்.

தூங்கும்முன் ஓவியா என் மூக்கை அமுக்கினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். “கட் ஆகல” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 18

ஆர்டர் அச்சுக்குப் புது சார்ட் மாட்டியிருக்கிறேன், லேமினேஷன் இல்லாமல். காலையில் எல்லாம் பச்சை. மத்தியானம் பிள்ளையார் படம் நின்றுவிட்டது. தும்பிக்கை நீளம் என்கிறார் அத்தை.

நான் பிள்ளையாரைப் பார்க்கவில்லை. நேரே சார்ட்டுக்கு ஓடினேன். ‘ஆகஸ்ட் 24 – பிரஸ் லீவு – குற்றாலம்: சிவபாண்டி, மீனா, ஓவியா.’

பேனாவை எடுத்து ‘அத்தை, மாமா’ என்று சேர்த்தேன்.

தும்பிக்கை சரியாகிவிட்டதாம்.