நீ விழுங்காத ஒயின்

அண்ணா,

பச்சைத் திராட்சை ஒரு கிலோ வாங்கி டப்பாவில் போட்டு மூடியவள், அதைச் சமையல் மேடையிலேயே மறந்துவிட்டு நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டேன். நான்கு நாள் கழித்து நேற்று காலை வந்து மூடியைத் திறந்தேன். புளிப்பும் இனிப்பும் கலந்த நெடி குப்பென்று முகத்தில் அடித்தது. உன் பாட்டிலைக் கழுவுதொட்டியில் கவிழ்த்த அன்று எழுந்த அதே நெடி. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கூடத்திலிருந்து இவர், "என்னாச்சு?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லைங்க, திராட்சை கெட்டுப்போச்சு" என்றேன்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. சொல்ல வேண்டியதை உன் உடம்புக்கு முன்னால் நின்றுகூட நான் சொல்லவில்லை. படிக்க நீ இல்லை என்ற தைரியத்தில்தான் இப்போது எழுதுகிறேன்.

மொரப்பூரில் நாம் வளர்ந்த வீட்டுக்குச் சாயங்காலம் அப்பா தானாக வந்து சேர்ந்ததில்லை. அப்பா எந்தச் சந்தில் விழுந்து கிடக்கிறார் என்று தேடிப்போவது நம் இரண்டு பேரின் வேலை. நீ தலைப்பக்கம் பிடிப்பாய், நான் கால்பக்கம். அவர் வாய் நாற்றத்துக்கு நான் மூச்சை அடக்கிக்கொள்வேன். நீ அடக்க மாட்டாய். "எந்திரிங்கப்பா, வூட்டுக்குப் போலாம்" என்று அவர் காதருகே பேசிக்கொண்டே வருவாய். ஈரல் கெட்டு அவர் செத்தபோது உனக்குப் பதினேழு வயது, எனக்குப் பதின்மூன்று. காரியம் முடிந்த அன்று அம்மா உன் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். "ஒரு சொட்டு உள்ள போச்சுன்னா, நான் செத்துட்டேன்னு வெச்சுக்க" என்றாள். நீ தலையாட்டினாய்.

அதற்கப்புறம்தான் பெங்களூர். பெரிய ஹோட்டலில் பாத்திரம் கழுவப் போனவன், காய் வெட்டி, சாஸ் கிண்டி, பதினைந்து வருஷத்தில் வெளிநாட்டுச் சமையல் பகுதிக்கே மூத்த ஆளாகிவிட்டாய். லீவில் ரயிலேறி வந்தால் எந்நேரமும் அந்தப் பேச்சுதான். நான் பூண்டு உரித்துக்கொண்டிருப்பேன். நீ எதிரே குந்தி, வெறுங்கையால் சட்டியைப் பிடித்து ஆட்டிக் காட்டுவாய்.

"மீனு வெண்ணெயில லேசா செவந்ததும் வெள்ளை ஒயின ஊத்துவோம் பாப்பா. சொய்ங்னு ஒரு சத்தம் வரும். சட்டியடியில ஒட்டுனதெல்லாம் கரைஞ்சு வந்துரும். நம்மூட்ல புளித்தண்ணி ஊத்தறமில்ல, அந்த எடத்துல அது. சுண்ட வுட்டா நெடி போயி, புளிப்பு மட்டும் நிக்கும்."

"குடிக்கறதுதான அது?"

"குடிக்கறவங்களுக்குக் குடிக்கறது. எனக்கு அது புளி."

எந்தச் சாப்பாட்டோடு எந்த ஒயின் சேரும் என்று, பரிமாறுகிறவர்கள் உன்னிடம்தான் வந்து கேட்பார்களாம். காரமான குழம்புக்கு லேசாக இனிப்புள்ள வெள்ளை ஒயின். இனிப்பே இல்லாத கடுமையான ஒயின் எதையாவது கொடுத்தால் நாக்கு இன்னும் எரியும் என்பாய். பொரித்த மீனுக்கு எலுமிச்சை பிழிந்ததுபோலச் சுள்ளென்று இருப்பது. ஆட்டுக்கறிக்குச் சிவப்பு. நம் வீட்டுக் களியையும் கீரைக் கடைசலையும் தின்றபடி ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "இதுக்கு எதுவும் சேராது, மோருதான்" என்று நீயே சிரித்தாய். ருசி பார்க்காமல் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "வாயில வெச்சு உருட்டிட்டுத் துப்பிருவேன். முழுங்குனதில்ல. அம்மா தலமேல கை வெச்சிருக்கனில்ல" என்றாய். சிரிக்காமல் சொன்னாய்.

என் கல்யாணம், அம்மாவின் இடுப்பெலும்பு முறிவு என்று தள்ளித் தள்ளி, பென்னாகரத்துப் பெண்ணை உனக்குப் பேசி முடித்தபோது உனக்கு நாற்பது நெருங்கிவிட்டது. பெண்வீட்டார் நம் வீட்டில் கைநனைக்க வந்த ஞாயிற்றுக்கிழமை, நானே சமைக்கிறேன் என்று பிடிவாதமாக நின்றாய். விடிந்ததும் போய் ஆற்று மீன் வாங்கி வந்தாய். பெண்ணின் அம்மாவுக்கு வயிற்றுப்புண், காரம் ஆகாது என்பதை முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தாய்.

துண்டு எடுக்க உன் பையைத் திறந்தேன். மடித்த சட்டைகளுக்கு நடுவில் அந்த ஒயின் பாட்டில் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு, பெண்ணின் அப்பா, அம்மா, மாமன்மார் எல்லாரும் உட்கார்ந்திருந்த கூடத்துக்கு நடுவில் போய் நின்றேன்.

"பாரும்மா, உம்மவன் பையில என்ன இருக்குதுன்னு பாரு!"

சமையலறை வாசலுக்கு நீ வந்தாய். கையெல்லாம் மீன் செதில். "அது கொழம்புக்கு வாங்குனது பாப்பா" என்றாய்.

பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார். உன்னை அவர் பார்க்கவில்லை. "மாப்பிள்ளைக்குப் பழக்கம் இருக்குதா? நீயே சொல்லும்மா" என்று என்னிடம்தான் கேட்டார்.

நீயும் என்னைத்தான் பார்த்தாய்.

"எங்கப்பனும் இப்படித்தாங்க ஆரம்பிச்சாரு" என்றேன்.

அவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டியேறினார்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் பாட்டிலைத் திறந்து தொட்டியில் கவிழ்த்தேன். நீ கையைக் கழுவினாய், சட்டையை மாற்றினாய், பையை எடுத்துக்கொண்டாய். "மீன ஐஸ்ல வையி, கெட்டுப்போவும்" என்றாய். அவ்வளவுதான். மத்தியான ரயிலுக்கே போய்விட்டாய்.

அதன்பிறகு யார் பெண் பார்க்கிறேன் என்று சொன்னாலும் நீ வேண்டாம் என்றாய். அம்மா செத்ததற்கு வந்தாய். விருந்தாளிபோல ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டு, கிளம்பும்போது "சாப்டியா?" என்று கேட்டாய். அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது. இரண்டு வருஷம் கழித்து, மத்தியானச் சமையல் மும்முரத்தில் அடுப்பங்கரையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டாய் என்று போன் வந்தது.

நானும் இவரும் பெங்களூர் போனோம். ஆஸ்பத்திரி வாசலில் உன்னோடு வேலை பார்த்த ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். மாரண்டஹள்ளிப் பக்கத்துக்காரர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர்.

"உங்கண்ணன் ஒரு சொட்டு முழுங்குனதில்லைங்க. நாங்கெல்லாம் சிரிப்போம். ஒயின் பாத்து எடுத்துக் குடுக்கற வேலைக்கே மேல தூக்கி வுடறேன்னாங்க. விருந்தாளிங்களோட ஒரு வாய் குடிக்கணும்னாங்க. அம்மாவுக்கு வாக்கு குடுத்துருக்கேன்னு வேணாமின்னுட்டாரு. அவுங்கம்மா போனப்புறமுங் கேட்டுப் பாத்தாங்க. அப்பவும் வேணாமின்னுட்டாரு."

எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்வதாக நினைத்து அவர் அழுதார். எனக்கு அது தெரியும் அண்ணா. அன்றைக்கும் தெரியும். அப்பாவின் வாயை ஆறு வருஷம் முகர்ந்தவள் நான். குடிக்கிறவன் மூச்சு எப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உன் மூச்சில் ஒருநாளும் அது இருந்ததில்லை.

கல்யாணம் ஆனதும் பெங்களூரில் தனிக்குடித்தனம் என்று, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள்தான் நீயும் அம்மாவும் பேசி முடித்திருந்தீர்கள். நடக்க முடியாத அம்மாவை என் வீட்டில் விடுவது என்று, என்னைக் கேட்காமலே முடிவாகியிருந்தது. நீ போய்விடுவாய், நான் மலமும் மூத்திரமும் அள்ளிக்கொண்டு இங்கேயே கிடப்பேன் என்று அன்று காலையிலிருந்து உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துப் பாட்டில் கையில் கிடைத்தது. உன்மேல் இருந்த ஆத்திரத்தை அப்பா பேரைச் சொல்லித் தீர்த்துக்கொண்டேன். அவர் பேரைச் சொன்னால் ஊரில் ஒருவரும் என்னை எதிர்த்துக் கேட்க மாட்டார்கள் என்பதும் தெரிந்துதான் சொன்னேன்.

போன வைகாசியில் தர்மபுரியில் ஒரு கல்யாண மண்டபத்தில், பந்திக்குக் காத்திருந்தபோது ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை. பென்னாகரம் என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது.

"உங்கண்ணன் நல்லாருக்காருங்களாக்கா?" என்று கேட்டாள். குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டே, "அவரு குடிக்கறவரில்லைன்னு எனக்குத் தெரியுங்க. ரெண்டு தடவ போன்ல பேசியிருக்காரு. அப்பாதான் கேக்கல" என்றாள்.

உன்னைக் கண்ணால் ஒருமுறை பார்த்து, போனில் இரண்டு முறை பேசியவள் அவள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அங்கேயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"நல்லாருக்காருங்க" என்றேன்.

"கல்யாணம் ஆயிருச்சுங்களா?"

"ஆச்சுங்க. ஒரு பையன்."

அவள் முகம் தெளிந்துவிட்டது. குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, பந்தி பார்க்கப் போய்விட்டாள்.

பென்னாகரத்தில் ஒருத்தி, நீ மனைவி மகனோடு எங்கோ நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அண்ணா, நான் உனக்குக் கொடுத்த வாழ்க்கை அவ்வளவுதான்.