தள்ளினால்தான் ஓடும்

ஜூன் 9, திங்கள்

விடாத மழை. கட்டுகஸ்தோட்டை முழுக்கச் சேறு. கார் இன்றும் செத்துக் கிடந்தது. சாவியைத் திருப்பினால் டிக் டிக், அவ்வளவுதான். ஹயர் ஓட்டம் போச்சு, வாடகைக்காசு போச்சு என்று என் வீட்டுக்காரர் மோகன் இறங்கி வந்து பொனட்டை ஓங்கிக் குத்தினார். பிறகு என்னை. கார் செய்த குற்றத்துக்குப் பெண்டாட்டிக்கு அடி. இந்த வீட்டுச் சட்டம்.

வழக்கம்போல நான் தள்ளினேன். எங்கள் சந்து இறக்கம், சந்திவரை உருண்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். முன்பு அக்கம்பக்கத்து ஆட்கள் கை கொடுத்தார்கள். எல்லோரையும் திட்டித் துரத்தியாயிற்று. இப்போது நான் ஒருத்திதான்.

வாங்க: சீனி, சவர்க்காரம், வலி மாத்திரை.

ஜூன் 10, செவ்வாய்

செத்தது. தள்ளினேன். சறுக்கி விழுந்து முழங்கால் கிழிந்தது. மோ. ஜன்னலால் தலையை நீட்டி, "பலமா தள்ளுடி, சோறு திங்கலையா?" என்றார்.

டிக்கியில் ஜாக்கி லீவர் இருக்கிறது. அதை அந்த மண்டையில் இறக்கினால் என்ன சத்தம் வரும்? சந்திவரை அதே நினைப்பு. நன்றாக இருந்தது.

ஜூன் 11, புதன்

வெயில். துணி காய்ந்தது. அக்குறணையிலிருந்து வயரிங் வேலை செய்கிற முஸ்லிம் நானா ஒருவர் வந்தார். மோ. அவரை விட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். நானா எல்லாவற்றையும் ஓஃப் செய்து, பெட்டரியில் மீட்டரை மாட்டி, பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கரண்ட் இழுப்பது குறையவேயில்லை.

கடைசியில் டாஷ்போர்டைப் பார்த்தார். முருகன் படம், பின்னால் சிவப்பு பல்ப். போன வருஷம் கடுகண்ணாவை வளைவில் கார் புரண்டும் மோ. பிழைத்ததற்கு நேர்த்தி: அந்த விளக்கு அணையவே கூடாது. அதனால் பெட்டரியிலிருந்தே நேராக வயர்.

"பெட்டரியும் பழசு, ராவெல்லாம் எரிஞ்சா தாங்காது. ஆனா தங்கச்சி, சாமி லைட்ல நான் கை வைக்க ஏலா. உங்கட ஆள்ட்ட சொல்லுங்க."

நல்ல மனுஷன், மரியாதை பார்த்தார்.

சொன்னேன். "சாமியவா குத்தம் சொல்ற?" இடது கன்னம். இரவில் பெட்டரி வயரையாவது கழற்றி வைப்போம் என்றேன். அப்போதும் விளக்கு அணையுமே என்றார். வலது கன்னம். காது இன்னும் இரைகிறது.

ஜூன் 12, வியாழன்

நேற்று இரவு மோ. தூங்கியதும் முருகனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பல்ப் வயரை உருவிவிட்டேன். இன்று காலை ஒரே திருப்பு, ஸ்டார்ட்! மோ. பகல் வெளிச்சத்தில் எதையும் கவனிக்கவில்லை. முருகா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். சிரிப்பை அடக்கக் கஷ்டப்பட்டேன். நாள் முழுக்கச் சந்தோஷம். பீட்ரூட் வதக்கினேன்.

இரவு 8. இருட்டியதும் பார்த்துவிட்டான். என் கையைக் கார்க் கதவில் வைத்து அறைந்து சாத்தினான்.

ஜூன் 13, வெள்ளி

விளக்கு மறுபடி எரிகிறது. டேப் சுற்றியிருக்கிறான். கார் மறுபடி செத்தது. "கை இல்லாட்டி தோள் இருக்குதானே" என்றான். தோளால் தள்ளினேன்.

பிறகு ஆஸ்பத்திரி. இடது சுண்டுவிரல் முறிவு. கதவு இடித்தது என்றேன். பொய்யும் இல்லை. நர்ஸ் மிஸ்ஸி என் கன்னங்களையும் பார்த்தாள், விரலுக்குக் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டாள்.

ஹட்டனில் இருக்கிற என் அக்காவுக்கு போன். வா என்றாள். பயம். போன முறை அவளிடம் கிளம்பியபோது காரில் துரத்தி வந்து, பேராதனையில் பஸ்ஸை மறித்து, முடியைப் பிடித்து இறக்கினான். அத்தனை பேர் பார்க்க. அன்று கார் நன்றாக ஓடியது.

ஜூன் 14, சனி

தூறல். பை: இரண்டு சாரி, அடையாள அட்டை, எக்ஸ்ரே. கார் கழுவுகிற சாக்கில் போய் வயரை இழுத்துப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருக்கிறது. ஆயுசிலேயே இப்படிக் கும்பிட்டதில்லை. முருகா, விடியும்வரை நல்லா எரி.

ஜூன் 15, ஞாயிறு

அவன் எழும்புமுன் கிளம்பினேன். கண்டியில் ரயில். ஜன்னல் சீட். கம்பளை தாண்டும்போது போன் அடித்தது.

"கார் ஸ்டார்ட் ஆகல. எங்கடி போய்த் தொலைஞ்ச? வந்து தள்ளு."

சொன்னேன்.

"சாமிகிட்ட சொல்லுங்க. தள்ளுவாரு."