மச்சானுக்குக் கூலி

என் ஆசை அண்ணே,

நீ இல்லாமல் ஒரு மழைக்காலம் போய்விட்டது. அடுத்தது வரப்போகிறது. தாராவியில் எல்லாரும் கூரைக்குத் தார்ப்பாய் தேடி அலைகிறார்கள். மதினியையும் பிள்ளைகளையும் எங்கள் பக்கத்து அறைக்கே கூட்டி வந்துவிட்டேன். மதினி அப்பளம் இட்டுக் கடைக்குப் போடுகிறாள். உன் மூத்தவன் உன்னை மாதிரியே எதற்கெடுத்தாலும் எகிறுகிறான்.

இந்தக் கடிதத்தைச் சங்கத்து மலரில் போடுகிறோம் என்கிறார்கள். போடட்டும். ஆறு நாள் மில்லிலும் பட்டறையிலும் உழைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மரத்தில் கிளை கழிக்கப் போகிற நம் ஆட்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும். நீ கோபப்படுவாய், தெரியும். எப்போதுதான் நீ கோபப்படாமல் இருந்தாய்?

போன வாரம் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வந்தார். அதே மாட்டுங்காக்காரர், அதே தோல் பை. அவர் முதல் தடவை வந்தது நினைவிருக்கிறதா? "மொத்தம் எத்தனை ஆள்?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர், "நான் ஒருத்தன்தான் சார்" என்றார். "கீழே கயிறு பிடிக்கறது யாரு?" "அது மச்சான் சார். ஆள் இல்ல."

நீ மீசையைத் தடவிக்கொண்டாய். "கூலி வாங்கிட்டு நிக்கதுக்கு நான் என்ன வேத்தாளா? என் தங்கச்சி புருசன்லா மேல தொங்குதாரு!" என்றாய். அதோடு விட்டாயா? தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளிக்க மூழ்குகிறவனின் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள், தன் தங்கை தாலியை அறுக்க எந்த அண்ணனுக்கும் மனசு வராது என்று அவருக்குப் பாடமே நடத்தினாய். அவர் சிரித்துக்கொண்டே ஒரே ஒரு பெயரை எழுதிக்கொண்டு போனார். டீ கொடுத்துக்கொண்டிருந்த எனக்கும் அன்று பெருமையாகத்தான் இருந்தது.

அப்புறம் அந்தத் தூங்குமூஞ்சி மரம். என் வீட்டுக்காரர் இடுப்பில் கட்டிய கயிறு மேலே ஒரு கவட்டையில் ஏறி இறங்கி, உன் கையில் முடிந்தது. அவர் நின்றிருந்த கிளை உள்ளே உளுத்துப் போயிருந்ததால், ரம்பம் படும் முன்பே முறிந்தது. "ஹட்டோ! ஹட்டோ!" என்று, விலகச் சொல்லி, தெருவே கத்தியதாம். எல்லாரும் ஓடினார்கள். கயிற்றை விட்டிருந்தால் நீயும் நாலடி தள்ளிப் போயிருக்கலாம். அவர் அடிமரத்தை எட்டிப் பிடிக்கும்வரை நீ விடவில்லை. கிளை உன் மேல்தான் வந்து விழுந்தது.

பாலிசி இருந்தவர் ஒரு கீறல் இல்லாமல் இறங்கி வந்தார். இறங்கி வந்து உன் விரல்களைப் பிரித்துத்தான் கயிற்றை எடுத்தாராம். "என்ன பண்றதும்மா, பேப்பர்ல அவர் பேரே இல்லையே" என்று ஏஜெண்ட் வந்து தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அவரைச் சொல்லி என்ன? எத்தனை ஆள் என்று அவர் கேட்டார், உன்னைச் சொல்லாதது நாம்தானே.

ஒரு வருஷம் என் வீட்டுக்காரர் மரத்தைத் தொடவே இல்லை. நானும் பூ வைப்பதை விட்டேன். எந்த முகத்தோடு மதினி முன்னால் பூவும் பொட்டுமாய் நடப்பேன்? அவள்தான் ஒரு நாள் முழம் பூ வாங்கி வந்து, வைத்துக்கொள் என்று என்னைத் திட்டினாள். மில் சம்பளம் மட்டும் இரண்டு வீட்டுக்குப் பத்தவில்லை. மறுபடி மரம் ஏறுவது என்று ஆனபோது, கயிறு பிடிக்க வந்து நின்றது யார் தெரியுமா? நம் தம்பி செல்வம். குர்லா லேத் பட்டறையில் வேலை, பெண்டாட்டிக்கு ஏழு மாதம்.

போன வாரம் வந்த ஏஜெண்ட் இந்தத் தடவை உடைத்தே சொன்னார். "உங்க வசதிக்கு ரெண்டுல ஒண்ணுதான் எடுக்க முடியும். கிளை விழுந்து மத்தவா வீட்டு ஓடு, கார் எல்லாம் நொறுங்கினா பணம் கொடுக்கற பாலிசி ஒண்ணு. வேலை செய்யற ரெண்டு பேருக்கும் அடிபட்டா கொடுக்கற பாலிசி ஒண்ணு."

என் வீட்டுக்காரர் ஓடு உடைந்தால் கொடுக்கிற பாலிசிப் பக்கம்தான் சாய்ந்தார். மாட்டுங்காவில் ஒரு பெரிய கட்டடம், வரிசையாக மரம். அந்தக் காகிதம் இருந்தால்தான் வேலை என்று அந்தக் கட்டடத்துச் செக்ரட்டரி சொல்லியிருந்தார். செம்பூர் பங்களாக்காரர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். "மொதல்ல வேல வரட்டும். கயித்தச் செல்வம் பாத்துக்கிடுவான். மச்சான்லா" என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடுத்தவன் வீட்டு ஓட்டுக்கு இன்சூரன்ஸ், என் கூடப்பொறந்தவனுக்கு இல்லையா?" என்று கத்தினேன்.

ஏஜெண்ட் கையமர்த்தினார். "சேர்க்கலாம்மா. ஆனா அவர் சம்பளம் வாங்கற ஆளா இருக்கணும். உறவுக்காரா சும்மா ஒத்தாசைக்கு வந்தா கம்பெனி ஒத்துக்காது."

செல்வம் எழுந்தே விட்டான். "அத்தான்ட்ட கூலி வாங்கவா? அண்ணன் வாங்காத கூலிய நான் வாங்கவா? நாலு பேரு கேட்டா காறித் துப்ப மாட்டானா?" அச்சு அசல் உன் குரல், அண்ணே. மச்சான் கையில் கூலி கொடுப்பது என் வீட்டுக்காரருக்கும் அவமானம்தான்.

அப்போதுதான் மதினி அப்பளப் பலகையைத் தள்ளி வைத்துவிட்டு வாசலில் வந்து நின்றாள். வெளி ஆள் முன்னால் வாய் திறக்காதவள்.

"எங்க வீட்டுக்காரவ மச்சானா நின்னு செத்தாவ. செல்வமாவது ஆளா நின்னு பொழைக்கட்டும். கூலின்னே எழுதுங்க சார்."

ஏஜெண்ட் பேனாவைத் திறந்தார். இரண்டு பெயர் எழுதினார்.

மாட்டுங்கா கட்டடம் கைவிட்டுப் போய்விட்டது. வேறு ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஓடு உடைந்தால் எங்கள் கைக்காசுதான், அதற்காகக் கிளையை ஒரே வெட்டில் தள்ளாமல் துண்டு துண்டாகக் கட்டி இறக்க வேண்டியிருக்கிறது. ஒரு மரத்துக்கே பொழுது போய்விடும். நாங்கள் செய்தது சரிதானா? நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? காகிதம் எந்தக் கிளையையும் தாங்காது என்பாய். தாங்காதுதான். ஆனால் நீ போன பிறகு உன் பிள்ளைகளையாவது தாங்கியிருக்குமே, அண்ணே.

நேற்று முதல் ஞாயிறு. குர்லாவில் ஒரே ஒரு மாமரம். வேலை முடிந்து வந்து என் வீட்டுக்காரர் கூலியை எடுத்து நீட்டினார். செல்வம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வாங்கிக்கிடு மாப்ள" என்றார். அவன் அசையவில்லை. "ஒங்க அண்ணன் கையில நான் ஒரே ஒரு தடவ இதக் கொடுத்திருந்தா..." சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். செல்வம் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டான்.

நான் உள்ளே போய் உனக்காக அழுதேன்.

ஒவ்வொரு வருஷமும் ஏஜெண்ட் வருவார், எத்தனை ஆள் என்று கேட்பார். மச்சான், மாமன், தம்பி என்று சொல்லி இனி ஒருவரையும் விட மாட்டோம். எண்ணிச் சொல்வது நான்தான். இது உன்மேல் சத்தியம்.

நீ கயிற்றை விடாததால் இன்னும் பூவும் பொட்டுமாய் இருக்கிற,
உன் தங்கச்சி
பேச்சியம்மாள்