முடியாது என்று சொன்னது யார்

மார்ச் 4, செவ்வாய்

இன்றிலிருந்து அலுவலகத்தில் எல்லோருடைய கணினிக் காலண்டரும் எல்லோருக்கும் தெரியும். யாருக்கு எப்போது நேரம் இருக்கும் என்று சீட் சீட்டாகப் போய்க் கேட்க வேண்டாமாம். மேலாளர்தான் அறிவித்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘ஒரு நிமிஷம்’. அப்படிச் சொல்லித்தான் முக்கால் மணி நேரம் உட்கார வைப்பார். “ஒளிவு மறைவே கூடாது, நாமெல்லாம் ஒரே குடும்பம்” என்றார். இருக்கிற குடும்பத்தைப் பார்க்கவே எனக்கு நேரமில்லை, இதில் இன்னொன்று.

மார்ச் 6, வியாழன்

அலுவலகத்துக்கு வரும் காப்பீட்டு மனுக்களை ஒழுங்காகப் படிக்க அமைதி வேண்டும். அந்த நேரம் காலண்டரில் வெள்ளைக் கட்டமாகத் தெரிகிறது. வெள்ளை என்றால் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று அர்த்தம்! சாப்பாட்டு நேரத்தில்கூட ஒருவர் கூட்டத்தைப் போட்டுவிட்டார். தினமும் மாலை ஐந்தரைக்கு ‘ஒரு நிமிஷ’த்தின் கூட்டம் வேறு.

மார்ச் 10, திங்கள்

ஒரே நேரத்துக்கு மூன்று அழைப்பு. எதற்கென்று போவது? பக்கத்து சீட் அக்கா என் கணினியில் எதையோ மாற்றினார். “வேற வேலை இருக்கிற நேரத்துல யாராவது கூப்பிட்டா, அதுவே முடியாதுன்னு பதில் போட்டுடும். நீ மண்டைய உடைச்சுக்க வேணாம்.”

அப்பாடா.

மார்ச் 11, செவ்வாய்

மாலையில் நான் வீட்டுப் படியேறுகிறேன், என் கணவர் இறங்குகிறார். ஆஸ்பத்திரி லேபில் இரவு ஷிப்ட். காலையில் நான் கிளம்பும்போது வந்து படுத்துவிடுவார். “உன்னப் பிடிக்கவே முடியலயே. ஆபீஸ்ல ஊருக்கே காட்டுற காலண்டர எனக்கும் காட்டேன். கட்டின புருஷன், நானும் வரிசையில நிக்குறேன்.” சிரித்துக்கொண்டே அவருக்கும் திறந்துவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

கழுத்து வலி. வேறு ஒன்றுமில்லை.

மார்ச் 19, புதன்

இவர் முகம் சரியில்லை. “என்ன ஆச்சு?” என்றால், “ஒண்ணுமில்ல. நீ வேலையப் பாரு.” நான் என்ன செய்தேன்? தோண்டித் துருவிக் கேட்கத் தெம்பில்லை. படுத்துவிட்டேன்.

மார்ச் 24, திங்கள்

இவர் என்னைப் படியிலேயே நிறுத்திச் சொன்னார். வெளியூர் ஆஸ்பத்திரியில் பகல் வேலை, லேபுக்கே பொறுப்பு. பதில் சொல்ல வெள்ளிக்கிழமையோடு கெடு முடிந்ததாம். சரி என்று சொல்லிவிட்டாராம்.

“என்ன ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலயா?” கத்திவிட்டேன்.

“மூணு தடவ கேட்டேன். முடியாதுன்னு நீதானே பதில் போட்ட.”

போனில், என் காலண்டருக்கு அனுப்பிய அழைப்புகளைக் காட்டினார். ‘தெருமுனை. டீ. உன்கிட்ட பேசணும்.’ மூன்று நாளும் ஐந்தரைக்கு. ஷிப்டுக்கு முன்னால் அவருக்கு இருப்பது அந்த நேரம்தான். மூன்றுக்கும் கீழே என் பெயரில் ஒரே பதில்: ‘அந்த நேரத்தில் எனக்கு வேறு பணி உள்ளது.’

நான் போடவில்லை, அதுவாகப் போட்டது என்று சொன்னேன், அழுதேன். “அப்போ உனக்குக் கூட்டம்னு எனக்கும் தெரியும். ஒரு நாளாவது எனக்காக விட்டுட்டு வருவேன்னு நெனச்சேன்” என்றார்.

“ஞாயித்துக்கிழமை சொல்லியிருக்கலாமே?”

“லேப்டாப்ப மடியில வச்சுக்கிட்டே தூங்குற. எந்த நேரத்துல சொல்ல?”

இயந்திரம் மேல் பழி போடலாம். ஆனால் நானே பார்த்திருந்தாலும்... போயிருப்பேனா? தெரியவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

அந்தத் தானாகப் பதில் போடும் வேலையை நிறுத்திவிட்டேன். நடந்ததைக் கேட்டதும் பக்கத்து சீட் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. “நல்லதுன்னு நெனச்சுத்தாம்மா செஞ்சேன்.” பாவம், அவர் என்ன செய்வார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இவர் கிளம்பிவிட்டார். இரண்டு பெட்டி. நான் எப்போது வருவது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பஸ் ஏறும்போது, “என் காலண்டரயும் உனக்குத் தெறந்து விட்டிருக்கேன், பாத்துக்கோ” என்றார். கோபமா, கேலியா? கொடியில் அவர் துண்டு காய்ந்து கிடக்கிறது. எடுக்க மனம் வரவில்லை.

ஏப்ரல் 23, புதன்

மதியம் இவரிடமிருந்து அழைப்பு. ‘சனிக்கிழமை. வாடகைக்கு வீடு பாக்கணும். ரெண்டு பேருக்கு.’

ரெண்டு பேருக்கு என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அதே சனிக்கிழமைக்கு ‘ஒரு நிமிஷ’த்தின் பயிற்சி வகுப்பு வந்து விழுந்தது. முடியாது என்று என் விரலாலேயே அழுத்தினேன். சீட்டுக்கே வந்துவிட்டார். “ஒரு நிமிஷம். சனிக்கிழமை உங்களுக்குக் காலியாத்தானே இருந்துது?”

“இப்ப இல்ல சார்.”

இவருக்கு ‘வரேன்’ என்று அனுப்பினேன். பதில் வந்தது: ‘மிஷினா, நீயா?’

‘நான்தான்’ என்று எழுதினேன்.