அண்ணை, மூதூர்

ஜூன் 7, திங்கள்

கச்சான் காற்று, மேற்கிலிருந்து சுடச்சுட. காலையிலேயே கூரைத் தகரம் கொதிக்கிறது. போட் இல்லை.

இக்கரையிலிருந்து மூதூருக்கு ஓடுகிற போட்டில் கயிறு பிடித்து ஆள் ஏற்றுகிறவன் நான். ஒவ்வொரு பயணமும் காற்று, கடல், ஆட்கள் என்று கொப்பியில் எழுதிப் பழக்கம். கொரோனா ஊரடங்கில் போட் ஜெற்றியில் கட்டிக் கிடக்கிறது. கொப்பியும் கையும் சும்மா. வீட்டை எழுதுவோம்.

ஆட்கள்: மூன்று. நான். மனுசி, குசினியில். மகள் தர்சினி (இனி தர்.), அறையில். கம்பஸ் படிப்பு இப்போது அவளுடைய போனுக்குள். போன் சீனிப் போத்தலில் சாய்ந்து நிற்கும்.

போனுக்குள் படிப்பிக்கிற மிஸ் அடிக்கடி ‘அண்ணை மூதூர், அண்ணை மூதூர்’ என்கிறா. ஜெற்றியில் சனம் என்னைக் கேட்கிற அதே கதை. மூன்று நாளாகக் கேட்டேன். தர். உடைய குறூப்பில் மூதூர்ப் பெடியன் ஒருவன், றிஸ்வான். அவனை வைத்துத்தான் இவளைப் பகிடி பண்ணுகிறார்கள் என்று நானே முடிவெடுத்தேன். அப்பன் மட்டும் சும்மா இருக்கலாமா?

பத்து மணிக்கு அறை வாசலில் நின்று ஜெற்றிக் குரலில் விட்டேன்: “மூதூர், மூதூர்! தர்சினிக்கு மாப்பிள்ளை மூதூர் போட்டில வாறார்!”

குசினியில் மனுசி சிரித்தாள். போனுக்குள்ளும் சிரித்தார்கள். நிறையப் பேர்.

தர். சிரிக்கவில்லை.

ஜூன் 8, செவ்வாய்

காற்று அதே. தர். நேற்று மத்தியானமும் சாப்பிடவில்லை, இரவும் இல்லை. இன்று தேத்தண்ணியோடு நின்று சொன்னாள்.

“அப்பா, அது மூதூர் இல்லை. அன்மியூட். மைக்கைத் திற எண்டு சொல்லுறது. நான் அப்பதான் திறந்தனான்.”

எண்பது பேர் கேட்டிருக்கிறார்கள். மிஸ்ஸும்.

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள். நான் உடனே, அப்போ எண்பது பேருக்கும் கலியாணம் சொல்லியாச்சு, காட் அடிக்கத் தேவையில்லை என்றேன். வாய் கேட்காது. அவள் கதவைச் சாத்தினாள். மனுசியும் இந்தமுறை சிரிக்கவில்லை.

பருப்பில் உப்பு இல்லை. கேட்கப் பயம்.

ஜூன் 9, புதன்

அலுமாரிக் கதவில் குறூப் ஆட்களின் பெயரும் நம்பரும் ஒட்டியிருக்கிறது. தர். கிணற்றடியில் குளிக்கும்போது பார்த்து, றிஸ்வானுக்குப் போன் எடுத்தேன். தர்சினியின் அப்பா என்று தொடங்க முன்னமே கண்டுபிடித்துவிட்டான்.

“போட்டில கத்துற அங்கிள்தானே? ரெண்டு வருசம் ரியூசனுக்கு உங்கட போட்டிலதான் வந்தனான். என்னைப் ‘பொதி மாடு’ எண்டுதான் கூப்பிடுவீங்க. புத்தகப் பை பெரிசு எண்டு.”

எனக்கு ஞாபகமில்லை. எத்தனை பேருக்கு என்னென்ன பேர் வைத்தேனோ. எல்லாரும் சிரித்தார்கள் என்றுதான் ஞாபகம்.

திங்கட்கிழமை பக்கத்தில் இருந்த அவன் உம்மாவும் கேட்டுவிட்டாவாம். இது யார், என்ன கதை என்று விசாரணையாம். அவன் விளங்கப்படுத்திவிட்டானாம். நான் மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன்.

“என்னை விடுங்க அங்கிள். தர்சினிதான் மைக்கே திறக்கிறா இல்ல. மிஸ் கேட்டாலும் எழுதித்தான் அனுப்புறா. வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பாடத்தை மைக்கில வாயால சொல்லணும். சொல்லாட்டி இந்தப் பாடம் பெயில்.”

அவன் வைத்தபிறகும் போனைக் காதிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜூன் 10, வியாழன்

வெள்ளிக்குச் சத்தம் போடக்கூடியவை:
கிணற்றுக் கப்பி. தேங்காய் எண்ணெய் விட்டாயிற்று.
மனுசியின் அம்மி. சம்பல் இன்றைக்கே அரைக்கச் சொன்னேன்.
பக்கத்து வீட்டு நாய். பாண் கொடுத்து நட்பு.
மீன் விற்கிற அன்ரனின் வான், ஸ்பீக்கர்.
நான்.

பின்னேரம் தர். உடைய கதவடியில் நின்று, திங்கட்கிழமை நான் செய்தது பிழை என்றேன். இப்படிச் சொல்லிப் பழக்கமில்லை. பகிடி மாதிரியே கேட்டது. உள்ளேயிருந்து, “நாளைக்கு வாசல்ல நிக்காதேங்கோ அப்பா.”

ஓம் என்றேன்.

ஜூன் 11, வெள்ளி

காற்று கொஞ்சம் அடங்கல். ஒன்பதரைக்கே மாஸ்க் போட்டு ஒழுங்கை முனையில் நின்றேன். அவளுடைய ஜன்னல் ஒழுங்கைப் பக்கம்.

பத்துக்குச் சரியாக அன்ரனின் வான், ஸ்பீக்கரில் சூடை, சாளை, கும்பளா என்றபடி. நடு ஒழுங்கையில் போய் இரண்டு கையையும் விரித்து மறித்தேன். நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.

“என்னண்ணை, பொலிசில சேர்ந்திட்டீங்களோ?”

பதில் நாலு வந்தது, நல்ல பதில்கள். விழுங்கினேன். ஸ்பீக்கரைக் காட்டிக் கும்பிட்டேன். நான் பேசாமல் நிற்பதை அவன் கண்டதில்லை. பயந்துபோய் எஞ்சினையும் நிறுத்தினான்.

ஜன்னலுக்குள் மிஸ்ஸின் குரல்: “தர்சினி, அன்மியூட்.”

இப்போது கேட்டால் அதில் மூதூர் ஒரு துளியும் இல்லை.

காகம் ஒன்று கத்தியது. மிஸ் இன்னொருமுறை கூப்பிட்டா. நான் மதிலைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு தர். உடைய குரல். முதலில் மெல்லிசு, போகப் போகத் தடித்தது. இங்கிலிஷ். ஒரு சொல்லும் விளங்கவில்லை. முழுக்கக் கேட்டேன். அன்ரனும் கேட்டான், மீனில் ஈ மொய்க்க.

அவன் போனபிறகு தர். வாசல் படலையடிக்கு வந்தாள். வேர்த்த முகம்.

“முடிஞ்சுது. இனிக் கதையுங்கோ அப்பா.”



“மீன் வாங்க மறந்திட்டன்” என்றேன்.