குடிகாரி என்ற பெயர்

சித்தி,

அன்று உப்பளத்து மேஸ்திரியிடம் நான் சொல்லாதது இதுதான்: "இவங்க பிரஷர் மாத்திரை போடுறாங்க. அதனாலதான் விழுந்துட்டாங்க." வாய்வரை வந்தது. நீ என் கையை அழுத்தினாய். விழுங்கிவிட்டேன்.

இன்று மரக்காணம் மருந்துக்கடையில் யாரோ அதே மாத்திரை அட்டையை வாங்கிப் போனார்கள். மாத்திரையின் மேல் கோபமில்லை. அந்த மேஸ்திரி உன் முகத்தருகே குனிந்து மூச்சை உறிஞ்சியதுதான் நினைவுக்கு வந்தது.

உப்பை வாரிக் குவித்துவிட்டு நிமிர்ந்த நீ அப்படியே சரிந்தாய். சாப்பாடு எடுத்துவந்த நான் வரப்பில் ஓடிவந்து உன் தலையை மடியில் வைப்பதற்குள், அவன் எல்லோர் முன்னாலும் உன் வாயை மோந்து பார்த்தான். ஒரு வாடையும் இல்லை. ஆனாலும், "காலையிலயே ஊத்திக்கினு வந்துட்டியா?" என்றான், புகையிலை நாறும் வாயால். ஆண்கள் சிரித்தார்கள். அவர்களில் இரண்டு பேர்மேல் நிஜமாகவே சாராய வாடை அடித்தது. அவர்களை யாரும் மோந்து பார்த்ததில்லை.

சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் மாத்திரை அது. தண்ணீர் குறையாமல் குடிக்கணும், தலை சுற்றினால் உடனே வந்து சொல்லணும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லித்தான் கொடுத்தார். ஆனால் கண்ணுக்கெட்டிய தூரமும் வெறும் உப்புப் பாத்தி. ஒதுங்க ஒரு முட்செடி கிடையாது. பெண்களுக்காக நாலு தகரம் நட்டு மறைக்க முதலாளிக்கு மனம் வரவில்லை. அதனால் நீ வேலை முடியும்வரை தண்ணீரைத் தொடமாட்டாய். மாத்திரையில் பாதி, வியர்வையில் பாதி என்று உடம்பு வற்றி, பிரஷர் இறங்கிவிடும்.

ஏன் தடுத்தாய் என்று வீடு திரும்பும் வழியில் கேட்டேன்.

"குடிச்சேன்னா திட்டிட்டு வுட்டுடுவான். நோவுன்னா நாளைலேர்ந்து வராதன்னுடுவான். எதுடி மேலு? படிச்சவதானே, சொல்லு."

ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரையை மாற்றிக் கேட்கலாம் என்றேன். சீசன் முடியட்டும் என்றாய்.

வேலையில் நீடிக்க ஒரு பெண்ணுக்கு நோயாளி என்பதைவிடக் குடிகாரி என்ற பெயர் பாதுகாப்பு. இதை எழுதும்போதும் அருவருக்கிறது.

சீசன் முடிவதற்குள் நீ மறுபடி விழுந்தாய். நான் கல்லூரியில் இருந்தேன். "தெளிஞ்சா தானா எழுந்திருப்பா, வுடுங்க" என்றானாம் மேஸ்திரி. உன்னை வெயிலில் வரப்பிலேயே விட்டுவிட்டு எல்லோரும் அடுத்த பாத்திக்குப் போனார்கள். சாப்பாட்டு வேளையில் வந்து எழுப்பியபோது நீ இறந்திருந்தாய்.