முதல் வரிசையில் ஜெயராஜ்

சென்னை
4.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கற, லெட்டர் போட்டா மட்டும் பதில் வருது. எந்தக் காலத்து ஆளு நீ?

ஒரு நல்ல சேதி. எங்க குழுவோட ஓபராவை ஆகஸ்ட் பத்தாம் தேதி, ஞாயித்துக்கிழமை, புதுவாயல் கல்யாண மண்டபத்துல போடறோம். ஓபரான்னா கதை முழுக்கப் பாட்டுதான், வசனமே கிடையாது. ஏசி ஹால்ல வசதியானவங்க பார்த்தது போதும்னு நான்தான் சண்டை போட்டு அங்க கொண்டு வர்றேன். பாட்டெல்லாம் தமிழ். செலவை நீ வேலை செய்யற கம்பெனியே ஏத்துக்கிச்சு. சர்ச் கொயர்ல பாடின ஆளு, நீ வரலேன்னா எனக்கு இது எதுக்கு? அண்ணியையும் ஸ்நேகாவையும் கூட்டிக்கினு வா.

உன் தங்கச்சி,
மோனிகா

புதுவாயல்
12.7.2025

அன்பு மோனி,

கர்த்தர் கிருபையில எல்லாரும் சுகம். நான் வரல, கோச்சுக்காத.

ஊட்ல விக்டோரியாவுக்கும் தெரியாத விஷயம் இது. பதினோரு வருஷமா பிரஸ் ஷாப் மெஷின்ல இரும்புத் தகடு அடிக்கறேனே, காது போயிடுச்சு. வலது சுத்தமா இல்ல, இடது கொஞ்சம். அதான் போன் எடுக்கறதில்ல. மெசேஜ் போடலாம்னா போன் நாள் பூரா பொண்ணு ஸ்நேகா கையில இருக்கு. பிரஸ் சத்தத்துல எல்லாருமே கைஜாடையிலதான் பேசுவோம், அதனால எவனுக்கும் தெரியல. வருஷா வருஷம் காது டெஸ்ட் உண்டு. சத்தம் கேட்டா பொத்தானை அமுக்கணும். டெஸ்ட் எடுக்கறவர் கை அசையறதைப் பாத்து நானும் அமுக்கிடுவேன்.

நான் காண்ட்ராக்ட் ஆளு. தெரிஞ்சா வேலை போயிடும். யார்கிட்டயும் சொல்லாத. பாட்டு நடக்கற எடத்துல பேஜாரா உக்காந்துகினு இன்னா பண்ணுவேன்?

உன் அண்ணன்,
ஜெயராஜ்

சென்னை
21.7.2025

அண்ணே,

உன் லெட்டரைப் படிச்சுட்டு ஆபீஸ் பாத்ரூம்ல நின்னு அழுதேன். உன்னைத் திட்டிக்கினே இருந்தேனே இத்தனை நாளா.

ஆனா நீ வந்தே ஆகணும். உன்னை மாதிரி ஆளுங்களுக்காகத்தான் மேடை பக்கத்துல திரை வைக்கறோம், பாட்டு வரி அப்படியே ஓடும். அவங்களுக்கு முதல் வரிசையில இருபது சீட்டு. உன் பேரை நானே எழுதிட்டேன். பயப்படாத, யார்கிட்டயும் சொல்லல, சீட்டு லிஸ்ட்ல மட்டும்தான் இருக்கு. பஸ் விடறதுக்காக லிஸ்ட் உங்க கம்பெனிக்குப் போயிடுச்சு. கம்பெனி வாசல்ல வந்து ஏறிக்கினா போதும்.

ஆசையோட,
மோனிகா

புதுவாயல்
24.8.2025

மோனிகா,

உன் லெட்டர் வந்தப்பவே லிஸ்ட் கம்பெனிக்குப் போனதை நெனைச்சு பயந்தேன். லிஸ்ட்டை எவன் படிக்கப் போறான்னு மனசைத் தேத்திகினு வந்தேன்.

நாடகம் நல்லா இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். புருஷன் படகு திரும்பி வரலேன்னு அந்தப் பொண்ணு பாடறப்ப, வரியைப் படிச்சு அழுதுட்டேன். எங்க கம்பெனி மேனேஜர் மேடையில ஏறி, கலை எல்லாருக்கும் சொந்தம்னு பேசினாரு. அதையும் திரையில படிச்சேன்.

நாடகம் முடிஞ்சு வந்த புதன்கிழமை ஆபீஸ்ல கூப்புட்டாங்க. மேசையில உன் லிஸ்ட் இருந்துச்சு, என் பேருக்கு நேரா காது கேளாதவர்னு. மறுபடியும் டெஸ்ட், இந்தத் தபா என்னைச் செவுத்தைப் பாக்க உக்கார வெச்சாங்க. அன்னிக்கே கேட் பாஸை வாங்கிக்கினாங்க.

வேலை போனதுக்கு விக்டோரியா கோச்சுக்கல. கட்டினவகிட்ட மறைச்சுட்டு தங்கச்சிகிட்ட சொல்லியிருக்கியேன்னுதான் கேட்டா.

நீ கெட்டது நெனைக்கல, தெரியும். ஆனா பேரை எழுதறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானும் பயந்துகினே இருக்காம, நாலு வரி திருப்பி எழுதி வேணாம்னு சொல்லியிருக்கலாம்.

கிறிஸ்மசுக்கு இங்க வராத. இதை விக்டோரியா எழுதச் சொல்லல, நான்தான் சொல்றேன்.

ஜெயராஜ்